ஊருக்கு ஊர் ஆங்கிலம்: வாசகர் கேள்வி – பதில்

தெரியாத ஆங்கிலச் சொல்லால் பெரிய கெடுதல் வருவதில்லை, அகராதியைப் புரட்டிவிடுகிறோம். சின்ன வயதிலிருந்து நாக்கில் புழங்கிய சொல்தான் காலை வாரிவிடும். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வகை.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு எம்.எஸ். படிக்க விண்ணப்பித்தேன். எனக்கு இரண்டு அரியர் இருந்தது, இப்போது எல்லாம் கிளியர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். கல்லூரிக்குப் பணம் எதுவும் பாக்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. என்ன பதில் எழுதுவது?
– மாணவர், திருநெல்வேலி

அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. 'அரியர்ஸ்' என்றால் வெளியில் நிலுவைத் தொகை என்று மட்டுமே பொருள்: வாடகை பாக்கி, வரி பாக்கி, சம்பள நிலுவை. தோற்ற பாடத்தை அரியர் என்பது நம் கல்லூரிகளின் வழக்கு. ஐதராபாத் மாணவர் இதையே 'பேக்லாக்' என்பார், மும்பை மாணவர் 'கேட்டி' என்பார். அந்த இரண்டும் கடல் தாண்டினால் செல்லாது. 'பேக்லாக்' என்றால் அங்கே முடிக்காமல் குவிந்து கிடக்கும் வேலை.

எனவே இந்த ஊர்வழக்குச் சொல் எதுவும் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். பாடத்தின் பெயர், முதல் முறை தேர்ச்சி பெறாத மாதமும் ஆண்டும், பிறகு தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும், கிடைத்த மதிப்பெண். 'ஃபெயில்டு ஆன் தி ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட், பாஸ்டு ஆன் தி செகண்ட்' என்றால் யாருக்கும் விளங்கும். கட்டணம் எதுவும் பாக்கி இல்லை என்று தனியாக ஒரு வரி சேருங்கள். எல்லாம் மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அப்படியே மற்ற பக்கங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். '2022-ல் கல்லூரியிலிருந்து பாஸ்டு அவுட்' என்று இருந்தால், கல்லூரி வாசலில் மயங்கி விழுந்ததாகப் படிப்பார்கள். இராணுவப் பயிற்சி முடிந்து வெளியேறும் அணிவகுப்புக்கு பிரிட்டனில் இன்றும் அந்தச் சொல் உண்டு. மற்றபடி 'கிராஜுவேட்டட்' என்பதே சரி. 'கோர்ஸ்' நமக்கு நான்கு வருட பி.இ. அமெரிக்காவில் அது ஒரு பருவத்தில் படிக்கும் ஒரே ஒரு பாடம், முழுப் படிப்புக்குப் பெயர் 'புரோகிராம்'. எத்தனை கோர்ஸ் முடித்திருக்கிறீர்கள் என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று போட்டால் கதை கந்தல். 'டியூஷன்' நமக்குச் சாயங்கால வகுப்பு, அமெரிக்காவில் கல்விக் கட்டணம். 'டியூஷன் வெய்வர்' கிடைத்தது என்றால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்று பொருள். தனியாக வகுப்புக்குப் போனதைச் சொல்ல வேண்டுமானால் 'டியூட்டரிங்'. 'ஸ்டாஃப்' என்று ஆசிரியரைக் குறிப்பிடாதீர்கள்: அமெரிக்காவில் ஆசிரியர்கள் 'ஃபேக்கல்டி', அலுவலக ஊழியர்கள்தான் 'ஸ்டாஃப்'. பிரிட்டனிலோ 'ஃபேக்கல்டி' என்பது பல துறைகள் சேர்ந்த புலம். ஆய்வேட்டிலும் ஒரு தலைகீழ் உண்டு. பிரிட்டனில் பிஎச்.டி.க்குத் 'தீசிஸ்', முதுகலைக்கு 'டிஸர்ட்டேஷன்'. அமெரிக்காவில் பெரும்பாலும் அது அப்படியே மாறிவிடும்.

மகள் சிட்னியில் வாங்கிய அளவுக் கரண்டிகளை வைத்துக்கொண்டு அமெரிக்கச் செய்முறைப்படி கேக் செய்கிறேன். நன்றாக எழும்பிவிட்டு, கடைசியில் நடுவில் குழி விழுந்துவிடுகிறது. அவன் பழுதா?
– வாசகி, மதுரை

அவன் மேல் (அடுப்பைத்தான் சொல்கிறோம்) பழி போட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஒரு டேபிள்ஸ்பூன் 20 மி.லி. அமெரிக்காவில் அது 15 மி.லி.க்குச் சற்றே குறைவு. பிரிட்டனிலும், ஆஸ்திரேலியாவின் அண்டை வீடான நியூசிலாந்திலும்கூட 15 தான். செய்முறை ஒரு டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர் கேட்டால், உங்கள் கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விழுகிறது. வாயு கூடுதலாகக் கிளம்பி, மாவு வெந்து இறுகுவதற்குள் குமிழிகள் பெருத்து உடைந்துவிடுகின்றன. தாங்க ஆளில்லாமல் நடுப்பகுதி அமுங்குகிறது.

டீஸ்பூன் மட்டும் எல்லா ஊரிலும் 5 மி.லி. ஆகவே டேபிள்ஸ்பூனை ஓரமாக வைத்துவிடுங்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் செய்முறைக்கு ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மூன்று டீஸ்பூன், ஆஸ்திரேலியச் செய்முறைக்கு நான்கு. பேக்கிங் பவுடர், சமையல் சோடா, உப்பு, ஈஸ்ட், ஜெலட்டின் ஆகியவற்றில் கண்டிப்பாக இப்படிச் செய்ய வேண்டும். கோகோவோ சர்க்கரையோ ஒரு சிட்டிகை கூடிக் குறைந்தால் குடி முழுகாது.

கப்பிலும் வேறுபாடு உண்டு, ஆனால் அவ்வளவு மோசமில்லை. ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி., அமெரிக்கக் கப் சுமார் 237. எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் மாறாது. முட்டையைக் கப்பால் அளப்பதில்லை என்பதால், நாலைந்து கப் மாவு போகும் பெரிய கேக்கில் மட்டும் சற்றுத் தெரியும். ஜப்பான் கப் 200 மி.லி. 'பைன்ட்' என்று வந்தால் நின்று யோசியுங்கள்: பிரிட்டனில் 568 மி.லி., அமெரிக்காவில் 473. பால் ஒரு பைன்ட் என்ற இடத்தில் அரைத் தம்ளர் அளவுக்குத் தவறிவிடும்.

இன்னொரு கண்ணி, கார்ன்ஃப்ளோர். இங்கேயும் பிரிட்டனிலும் அது மக்காச்சோளத்தின் மாச்சத்து மட்டும்: வெள்ளை வெளேர் என்று இருக்கும், விரலால் அழுத்தினால் கீச்சிடும். அமெரிக்கர்கள் அதைக் 'கார்ன்ஸ்டார்ச்' என்பார்கள். அவர்கள் 'கார்ன் ஃப்ளோர்' என்றால் சோளத்தையே நைசாக அரைத்த மாவு, பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். சூப்பைக் கெட்டியாக்க அதைக் கரைத்து ஊற்றினால் நறநறவென்று கலங்கி நிற்குமே தவிர வழவழப்பு வராது. 'செல்ஃப் ரெய்சிங்' மாவில் பேக்கிங் பவுடர் சேர்ந்தே இருக்கும். அமெரிக்க வகையில் உப்பும் சேர்ந்திருக்கும், பிரிட்டிஷ் வகையில் இருக்காது. பிரிட்டிஷ் மாவு வாங்கி அமெரிக்கச் செய்முறை செய்தால் கேக் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

தயிர் வேண்டும் இடத்தில் 'கர்ட்' என்று கேட்காதீர்கள். 'லெமன் கர்ட்' என்பது முட்டை, வெண்ணெய், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு போட்டுக் கிளறிய இனிப்புப் பசை. அதைச் சாதத்தில் பிசைந்து பார்ப்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது. கடையில் 'பிளெய்ன் யோகர்ட்' என்று தேடுங்கள்.

மது தொடாதவன் நான். லண்டனில் 'சைடர்' குடிக்கலாமா? அமெரிக்காவில் ஆப்பிள் ஜூஸ் என்று சொல்லிக் கொடுத்தார்களே?
– வாசகர், ஈரோடு

அமெரிக்காவில் பொதுவாக வடிகட்டாத ஆப்பிள் சாறு. புளிக்க வைத்ததை 'ஹார்டு சைடர்' என்பார்கள். பிரிட்டனில் வெறும் சைடர் என்றாலே புளிக்க வைத்த மது. தொடாதீர்கள். அங்கே 'லெமனேட்' கேட்டால் பெரும்பாலும் வாயு அடைத்த சோடா வரும், அதில் பயமில்லை.

நேற்றைய மாற்றம் பற்றி பதில் சொல்லுங்கள் என்ற பொருளில் 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று அமெரிக்க வாடிக்கையாளருக்கு எழுதினேன். அவர்களுடைய பொறியாளர் நேற்று செய்த மாற்றத்தையே நீக்கிவிட்டார். ஒரு நாள் வேலை போச்சு.
– மென்பொருள் ஊழியர், சென்னை

பாவம், அவர் சொன்னதைச் செய்திருக்கிறார். 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புதல். போதாததற்கு, உங்கள் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் 'கிட்' மென்பொருளில் அந்தப் பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. முன்பு செய்த மாற்றத்தை ரத்து செய்வதுதான் அதன் வேலை. பதில் எழுதுதல் என்ற பொருள் இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் அலுவலகங்களில் செல்லும். மற்றவர்களுக்கு 'ரிப்ளை' அல்லது 'லெட் மீ நோ'.

உங்கள் துறையினர் அடிக்கடி வழுக்கும் இன்னொரு இடம் 'டவுட்'. தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது: வாத்தியாரிடம் கேட்பதும் சந்தேகம், பக்கத்து வீட்டுக்காரர் மேல் வருவதும் சந்தேகம். ஆங்கில 'டவுட்' இரண்டாவது வகை மட்டும். 'உங்கள் டிசைனில் எனக்கு ஒரு டவுட்' என்று எழுதினால், இது தேறாது என்று நினைக்கிறேன் என அர்த்தம். 'கொஸ்டின்' என்று எழுதினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 'ஸ்கீம்' என்பதும் அமெரிக்கக் காதுக்குச் சதித்திட்டம், மோசடி என்றே பெரும்பாலும் கேட்கும். சேமிப்புத் திட்டத்தை அப்படி அறிமுகப்படுத்தினால் பணப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே 'பிளான்' அல்லது 'புரோகிராம்'.

கூட்டங்களில் 'டேபிள்' என்ற வினையைக் கண்டால் உஷார். பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஒரு விஷயத்தை டேபிள் செய்தால் அதை விவாதத்துக்கு முன்வைக்கிறோம்; சட்டப்பேரவையில் அறிக்கை தாக்கலாவது அந்தப் பொருளில்தான். அமெரிக்காவில் அதைத் தள்ளிப்போடுகிறோம், ஏறக்குறைய கிடப்பில் போடுகிறோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத் தலைமைகள் கூடிப் பேசியபோது இந்த ஒரு சொல்லால் நீண்ட, கசப்பான வாக்குவாதம் நடந்ததையும், இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான் என்பது பிறகுதான் தெரிந்ததையும் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நிகழ்ச்சி நிரலில் அந்தச் சொல்லையே தவிர்த்து 'டிஸ்கஸ் டுடே', 'போஸ்ட்போன்' என்று போட்டால் வம்பில்லை.

'கொய்ட் குட்' என்று உங்கள் வேலைக்கு மதிப்புரை வந்தால், அனுப்பியவர் எந்த ஊர் என்று பாருங்கள். அமெரிக்கர் என்றால் மெச்சுகிறார். பிரிட்டிஷ்காரர் என்றால் பரவாயில்லை ரகம், இன்னும் கொஞ்சம் உழைக்கலாம். தென்னாப்பிரிக்கர் 'ஜஸ்ட் நவ்' செய்கிறேன் என்றால் இப்போதே என்று காத்திருக்காதீர்கள். அது நம்மூர் 'தோ வந்துட்டேன்' மாதிரி. அரை மணியும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம்.

அப்பாவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. சில மாதம் லண்டனில் மகனோடும் சில மாதம் நியூ ஜெர்சியில் தங்கையோடும் இருக்கப் போகிறார். இரண்டு இடத்திலும் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' வீடு பார்த்திருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகி, கோவை

நியூ ஜெர்சி வீடு சரி, லண்டன் வீடு வேண்டாம். அமெரிக்காவில் தரைத்தளமே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். லண்டனில் நம்மைப் போலவே ஒரு மாடி ஏறினால்தான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். மின்தூக்கி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் 'கிரவுண்ட் ஃப்ளோர்' என்று குறிப்பிட்டுத் தேடச் சொல்லுங்கள். அமெரிக்க மின்தூக்கியில் எந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறதோ அதுதான் வெளிவாசல் இருக்கும் தளம். அப்பாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். சிங்கப்பூரும் தரையிலிருந்தே ஒன்று என்று எண்ணும். முகவரியில் 02 என்று தொடங்கும் வீட்டு எண் நம் கணக்கில் முதல் மாடி.

லண்டன் விளம்பரங்களில் 'பங்களோ' என்று வந்தால், நமக்கு எதற்கு மாளிகை என்று தாண்டிப் போகாதீர்கள். வங்கப் பாணி வீடு என்ற பொருளில் இங்கிருந்து போன சொல்தான் அது. இங்கே பங்களா என்றால் வசதிக்காரர் வீடு, அங்கே மாடியே இல்லாத வீடு. மூட்டுவலிக்காரர்களுக்கு அதைவிடத் தோதானது இல்லை. 'ஹால்' என்று போட்டிருந்தால் வாசல் நடை. சோபா போடும் இடத்துக்கு 'லிவிங் ரூம்' அல்லது 'லவுஞ்ச்'. அமெரிக்காவில் 'ஒன்றரை பாத்ரூம்' என்பது கேலி இல்லை: அரை என்பது கழிப்பறையும் கை கழுவும் தொட்டியும் மட்டும், குளிக்க வசதி இருக்காது. அப்பாவின் அறைக்குப் பக்கத்தில் இருப்பது முழுதா அரையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டில் விஷயத்தில் மூன்று ஊருக்கு மூன்று பொருள். 'காட்' என்றால் நமக்குக் கட்டில், அதுவும் இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பிரிட்டனில் குழந்தையைப் போடும் கம்பிவேலித் தொட்டில். அமெரிக்காவில் மடக்கி வைக்கும் கூடாரப் படுக்கை. ஓட்டலில் அப்பாவுக்காக 'எக்ஸ்ட்ரா காட்' கேட்டால் லண்டனில் கைக்குழந்தைக்கு உரியது வந்து சேரும். 'எக்ஸ்ட்ரா பெட்' என்று கேளுங்கள். வீட்டுச் சாமான்களில் 'பீரோ'வும் அப்படித்தான்: பிரிட்டனில் எழுதுமேசை, அமெரிக்காவில் இழுப்பறைப் பெட்டி. துணி தொங்கவிட வேண்டுமானால் 'வார்ட்ரோப்'.

திருமண விளம்பரத்தில் 'ஹோம்லி' என்று போட்டால் அமெரிக்க மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கிறார்களாமே?
– வாசகர், சேலம்

சிரிப்பார்கள். அங்கே அது லட்சணம் குறைவானவர் என்பதை நாசூக்காகச் சொல்லும் சொல். பிரிட்டனில் சொந்த வீடு போல இதமாக இருக்கும் விடுதிக்குச் சொல்வார்கள். குடும்பப் பாங்கு என்று நாம் நினைப்பதற்கு நேரான ஆங்கிலச் சொல் இல்லை. பெண்ணின் படிப்பையும் வேலையையும் எழுதிவிட்டுப் போகலாம்.

தென்னாப்பிரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த தோழி, 'பாரஃபின்' குடித்துவிட்ட குழந்தைகளைப் பற்றிச் சொன்னாள். மலச்சிக்கலுக்கு நாங்கள் கொடுக்கும் மருந்தா அது?
– செவிலியர், வேலூர்

இல்லவே இல்லை, அது மண்ணெண்ணெய். பிரிட்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கடையில் பாரஃபின் என்றால் மண்ணெண்ணெய். அமெரிக்காவில் மெழுகுவர்த்தி செய்யும் மெழுகு. உங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் கையை முக்கி எடுக்கிறார்களே, அதே மெழுகு. மருந்துக்கடையின் 'லிக்விட் பாரஃபின்' சுத்திகரித்த கனமான எண்ணெய், மலமிளக்கியாகவும் தோல் வறட்சிக்கும் பயன்படுவது. மூன்றும் பெட்ரோலியத்தில் இருந்து வருபவை என்பதைத் தவிர உறவில்லை.

தோழியிடம் அழுத்திச் சொல்லுங்கள்: மண்ணெண்ணெய் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது மெல்லிய திரவம். மேலே வரும்போது மூச்சுக்குழலுக்குள் நழுவி நுரையீரலைப் புண்ணாக்கும். வயிற்றில் செய்வதைவிட அங்கே செய்யும் சேதம்தான் பெரிது. குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பதால்தான் குழந்தைகள் எடுத்துக் குடிக்கிறார்கள், இது எல்லா ஊருக்கும் பொது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் ஒன்று உண்டு: ஒரே மருந்துக்கு இரண்டு பெயர். நம் பாராசிட்டமாலும் அமெரிக்க அசிட்டமினோஃபெனும் ஒன்றே. வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்கினால், பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பான 4 கிராமைத் தெரியாமலே தாண்டிவிடலாம். கெடுவது கல்லீரல்.

உபரிச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்கிறோம். லண்டனில் யாருக்கும் புரியவில்லை. இது ஆங்கிலமே இல்லையா?
– வாகன ஓட்டுநர், நாமக்கல்

பிரிட்டனில் பிறந்த சொல்தான், பிறந்த வீடு மறந்துவிட்டது. வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு. 1904-ல் அங்கே டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால் இல்லாத வளையத்தில் காற்றடித்த டயரை மாட்டி விற்றார்கள். அந்தக் காலக் கார்களில் உபரிச் சக்கரமே கிடையாது. பஞ்சரானால் நடுரோட்டில் டயரைக் கழற்றி ஒட்ட வேண்டும். இந்த வளையத்தைப் பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வவைத்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம். முழுச் சக்கரத்தையே கழற்றி மாட்டும் வசதி வந்ததும் பொருள் மறைந்தது, பெயர் இந்தியாவில் தங்கிவிட்டது. பிரேசிலிலும் உபரிச் சக்கரத்துக்கு 'எஸ்டெப்பி' என்கிறார்கள். லண்டனில் 'ஸ்பேர் வீல்', அமெரிக்காவில் 'ஸ்பேர் டயர்'.

வெளிநாட்டுக் கார்களின் மைலேஜைப் படிக்கும்போது கேலன் எந்த ஊருடையது என்று பாருங்கள். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785. கேலனுக்கு 30 மைல் என்பது அமெரிக்கக் கணக்கில் லிட்டருக்கு 12.8 கிலோமீட்டர், பிரிட்டிஷ் கணக்கில் 10.6 மட்டுமே.

'சப்வே' என்றால் சுரங்கப் பாதையா, ரயிலா?
– வாசகி, தாம்பரம்

சென்னையிலும் லண்டனிலும் நடந்து கடக்கும் சுரங்கப் பாதை. நியூயார்க்கில் ரயில். பிரிட்டனுக்குள்ளேயே கிளாஸ்கோவில் ரயில்தான். 1896-ல் திறந்த அந்த நிலத்தடி ரயிலின் பெயரே சப்வே. நடைபாதையை நாம் 'பிளாட்பாரம்' என்கிறோம், பிரிட்டனில் அது 'பேவ்மென்ட்'. அமெரிக்காவில் பேவ்மென்ட் என்பது வண்டி ஓடும் தார்ச்சாலை, நடைபாதைக்கு 'சைட்வாக்'. அங்கே 'பேவ்மென்ட் எண்ட்ஸ்' என்ற பலகையைப் பார்த்தால் முன்னே மண் ரோடு வருகிறது, வேகத்தைக் குறையுங்கள்.

தாத்தாவின் பழைய ஆங்கிலக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பில்லியன் என்றால் பத்து லட்சம் மடங்கு பத்து லட்சம் என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?
– மாணவி, தஞ்சாவூர்

பிழையில்லை. பிரிட்டனில் பில்லியன் அப்போது அதுதான், நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி. அமெரிக்கப் பில்லியன் 100 கோடி. 1974 டிசம்பரில் பிரதமர் ஹெரால்டு வில்சன், அரசு இனி அமெரிக்கப் பொருளிலேயே எழுதும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதற்கு முந்திய பிரிட்டிஷ் புத்தகம் என்றால் ஆயிரத்தால் பெருக்கிப் படியுங்கள்.